திருவொற்றியூர் டிராஃபிக்கில் கியர் பாக்ஸ் எத்தனை வருடம் வரும்?

புதிதாகக் கார் வாங்குகிறவர்கள் மைலேஜுக்கு அடுத்தபடியாகக் கேட்பது இதைத்தான். வண்டியில் எந்த வகை பாக்ஸ் இருக்கிறதோ, அதைப் பொறுத்துப் பதில் மாறும். சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ், சரியான ஆயிலை நேரத்துக்கு மாற்றிவந்தால், 2 முதல் 3 லட்சம் கி.மீ. வரை பிரிக்காமலே ஓடும். டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக்கும் ஆயில் மாறியிருந்தால் 2 லட்சத்தைத் தொடும். சிவிடி என்னும் இன்னொரு ஆட்டோமேட்டிக் வகைக்கு ஒன்றரை முதல் 2 லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம் (வகைகளைக் கீழே பார்ப்போம்). ஏஎம்டி என்பது மேனுவல் பாக்ஸ்தான்; கிளட்சையும் கியரையும் உங்கள் கைகாலுக்குப் பதிலாக ஆக்சுவேட்டர் என்னும் கருவி இயக்குகிறது. பாக்ஸுக்கு மேனுவலின் ஆயுள், ஆக்சுவேட்டருக்குத் தனி ஆயுள்.

எஞ்சினையும் பாக்ஸையும் இணைத்துப் பிரிக்கும் கிளட்ச் பிளேட்டை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது பிரேக் பேடு மாதிரி, தேய்வதற்காகவே செய்த பொருள். நெடுஞ்சாலையிலேயே ஓடும் வண்டியில் லட்சம் கி.மீ. தாண்டுகிற பிளேட், வட சென்னையில் 40,000-லேயே வழுக்க ஆரம்பித்தால் ஆச்சரியமில்லை.

கிலோமீட்டரை விடுங்கள், மணியை எண்ணுங்கள்

திருவொற்றியூரிலிருந்து பாரிமுனை சுமார் 10 கி.மீ. காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினால், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி வரிசையைத் தாண்டி, ராயபுரம் வழியாகப் போய்ச் சேர ஒரு மணி நேரம் பிடிக்கும் நாட்கள் உண்டு. அப்படியென்றால் மணிக்கு 10 கி.மீ. இந்த வேகத்தில் 40,000 கி.மீ. ஓட கியர் பாக்ஸ் 4,000 மணி நேரம் சுற்ற வேண்டும். பைபாஸில் சராசரி 50 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு அதே 40,000-க்கு 800 மணி நேரம் போதும். மீட்டரில் இரண்டு வண்டிக்கும் ஒரே எண்தான். பாக்ஸுக்குள் உங்கள் வண்டி ஐந்து மடங்கு உழைத்திருக்கிறது.

கிளட்சுக்கும் இதே கணக்கு. நெரிசலில் கிலோமீட்டருக்கு 15 முறை மிதிக்கிறீர்கள் என்றால், போகவர 20 கி.மீ.க்கு 300 முறை. வருடத்துக்கு 300 நாள் ஓட்டினால் 90,000 முறை.

வண்டியோடு கொடுத்த ஓனர் மேனுவலில் பராமரிப்பு அட்டவணை இரண்டு விதமாக இருக்கும். ஒன்று சாதாரணப் பயன்பாட்டுக்கு, இன்னொன்று கடினமான பயன்பாட்டுக்கு. அடிக்கடி நின்று கிளம்புவது, தூசி, கடும் வெயில், குறைந்த தூர ஓட்டம், பாரம் என்று கடினத்துக்கான காரணங்களை அதிலேயே எழுதியிருப்பார்கள். எண்ணூர், மணலி, தண்டையார்பேட்டை, வியாசர்பாடியில் ஓடும் வண்டிக்கு அந்த இரண்டாவது அட்டவணைதான் பொருந்தும். முதல் அட்டவணையை மடித்து வைத்துவிடுங்கள். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்: "கம்பெனி 80,000-னு போட்டிருக்கான், நம்மளுது இன்னும் 50-தான் ஆகுது" என்று இருந்துவிடுகிறார்கள்.

உங்கள் வண்டியில் இருப்பது எது?

முன் சக்கரம் இழுக்கும் சின்ன கார்களில் கியர் பாக்ஸும், இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலும் ஒரே கூட்டுக்குள் இருக்கும்; இரண்டுக்கும் ஒரே ஆயில். பின் சக்கரம் இழுக்கும் வேன், ஜீப் வகை, லோடு வண்டிகளில் டிஃபரென்ஷியல் தனியாகப் பின்னால் இருக்கும், அதற்குத் தனி ஆயில். அதை மறந்தே போகிறவர்கள் நிறைய பேர்.

ஆட்டோமேட்டிக் என்று ஒரே பேரில் நான்கு வகை உண்டு. ஏஎம்டி இந்தியாவுக்கு 2014-ல் மாருதி செலேரியோவோடு வந்தது. டார்க் கன்வர்ட்டர் வகையில் எஞ்சினுக்கும் பாக்ஸுக்கும் நடுவே ஆயில்தான் விசையைக் கடத்துகிறது. சிவிடியில் பல்சக்கரப் படிகளுக்குப் பதிலாக இரண்டு புல்லி, அவற்றின் நடுவே ஒரு ஸ்டீல் பெல்ட். டிசிடியில் இரண்டு கிளட்ச். அதில் காய்ந்த கிளட்ச், ஆயிலில் நனைந்த கிளட்ச் என்று இரண்டு ரகம். எது என்று தெரியாமல் ஆயில் வாங்கப் போகாதீர்கள். நான்குக்கும் நான்கு விதமான ஆயில், மாற்றி ஊற்றினால் பாக்ஸ் கெடும்.

கியர் ஆயிலில் நடக்கும் பெரிய தப்பு

கியர் ஆயில் டப்பாவில் 75டபிள்யூ-80, 75டபிள்யூ-90 என்று கெட்டித்தன்மை எண் இருக்கும். அதன் பக்கத்தில் ஜிஎல்-4 அல்லது ஜிஎல்-5 என்று ஒரு தரக் குறியீடு. ஐந்து நான்கைவிடப் பெரியது, ஆகவே ஐந்து நல்லது என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு. ஜிஎல்-5 ஆயிலில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானங்கள் அதிகம். டிஃபரென்ஷியல் பல்லில் விழும் பெரிய அழுத்தத்தைத் தாங்குவதற்காக அவற்றைச் சேர்க்கிறார்கள். கியர் பாக்ஸில் பித்தளையில் செய்த சின்க்ரோ ரிங் இருக்கிறது. அந்தச் சேர்மானம் பித்தளையை அரிக்கும். தவிர, சின்க்ரோ ரிங் கியரின் கூம்பைக் கொஞ்சம் பிடித்தால்தான் இரண்டின் வேகமும் சமமாகி கியர் சத்தமில்லாமல் விழும். ஆயில் வழுவழுவென்று இருந்தால் அந்தப் பிடிப்பு கிடைக்காது, மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு வரும்போது கரகரக்கும். ஓனர் மேனுவலில் ஜிஎல்-4 என்றிருந்தால் ஜிஎல்-4 மட்டும் ஊற்றுங்கள். பின்பக்க டிஃபரென்ஷியலுக்கு ஜிஎல்-5 கேட்டிருந்தால் அங்கே அது சரி.

மேனுவல் பாக்ஸ் ஆயிலை இந்தப் பகுதியில் 40,000 கி.மீ. அல்லது 3 வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றலாம். புது வண்டியில் முதல் மாற்றத்தை 20,000-க்குள் செய்துவிடுவது எங்கள் பரிந்துரை. புதுப் பற்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் தூள் எல்லாம் அந்த முதல் ஆயிலில்தான் கிடக்கும்.

நீங்களே மாற்றுவதென்றால்

தேவையானவை: சின்ன காருக்கு 2 முதல் 2.5 லிட்டர் கியர் ஆயில் (சரியான அளவு ஓனர் மேனுவலில் இருக்கும்), ஆயில் வடிக்கும் டிரெயின் பிளக்குக்கும் ஊற்றும் ஃபில்லர் பிளக்குக்கும் புது வாஷர், ஜாக்கி, வண்டியைத் தாங்க நான்கு ஸ்டாண்டு, ஒரு மீட்டர் டியூபோடு புனல், பழைய ஆயில் பிடிக்க டிரே, வெள்ளைத் துணி.

1. வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால்தான் அடியில் தங்கிய தூளோடு இறங்கும். கொதிக்கக் கூடாது.

2. சமதளத்தில் நான்கு மூலையிலும் ஸ்டாண்டு கொடுத்து, வண்டி மட்டமாக நிற்கும்படி தூக்குங்கள். முன்பக்கம் மட்டும் தூக்கினால் ஆயில் அளவு தப்பும். வெறும் ஜாக்கியை நம்பி எவரும் அடியில் போகவே கூடாது. செங்கல் அடுக்கி வைப்பதும் கூடாது, அது நொறுங்கும்.

3. மேலே இருக்கும் ஃபில்லர் பிளக்கை முதலில் கழற்றுங்கள். இந்த வரிசை முக்கியம். கடல் காற்று படும் வண்டிகளில், கத்திவாக்கம், எண்ணூர் பக்கத்து வண்டிகளில் குறிப்பாக, இந்த பிளக் துருப்பிடித்து இறுகியிருக்கும். அடியிலிருந்து எல்லா ஆயிலையும் வடித்த பிறகு மேல் பிளக் கழலவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். முந்தின நாள் இரவே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வைத்தால் வேலை சுலபம்.

4. பிறகு டிரெயின் பிளக்கைத் திறந்து, கால் மணி நேரம் நன்றாகச் சொட்ட விடுங்கள்.

5. டிரெயின் பிளக்கின் நுனியில் பெரும்பாலும் ஒரு காந்தம் இருக்கும். அதை வெள்ளைத் துணியில் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை மாதிரி, விரலில் தேய்த்தால் மணல் தட்டாமல் குழைந்தால் அது சாதாரணத் தேய்மானம். விரலில் குத்துகிற செதில், நகம் அளவு துண்டு, பல்லின் முனை மாதிரி ஏதாவது வந்தால் மெக்கானிக்கிடம் காட்டாமல் மூடாதீர்கள். பித்தளை காந்தத்தில் ஒட்டாது. ஆகவே டிரேயில் இருக்கும் ஆயிலைச் சாய்த்துப் பாருங்கள். தங்கத் தூள் போட்டது மாதிரி மினுமினுத்தால் சின்க்ரோ ரிங் தேய்கிறது.

6. வடிந்த ஆயிலை அளந்துகொள்ளுங்கள். 2.2 லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 1.5 லிட்டர்தான் வந்தது என்றால் எங்கோ கசிகிறது. முதலில் ஆக்சில் நுழையும் இடத்து ஆயில் சீலைப் பாருங்கள்.

7. புது வாஷர் போட்டு டிரெயின் பிளக்கை மூடி, ஃபில்லர் துளை வழியாக ஊற்றுங்கள். துளையின் உதட்டைத் தொட்டு ஆயில் மெல்ல வழிய ஆரம்பித்தால் அளவு சரி. வழிவது நின்றதும் மூடுங்கள். கூட ஊற்றினால் ஆயில் நுரைத்து, சீல் வழியாகக் கிளட்ச் பக்கம் போகும், பிளேட் நாசம்.

பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். கேப்டன் காட்டன் கால்வாயும் பக்கிங்காம் கால்வாயும் ஏற்கெனவே படும் பாடு போதும். டப்பாவில் பிடித்து, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் ஷெட்டில் கொடுத்துவிடலாம்.

ஷெட்டில் விட்டு மாற்றினாலும் கூடவே நில்லுங்கள். "அண்ணா, பழைய ஆயிலைக் கொட்டிடாதீங்க, டிரேலயே இருக்கட்டும், நான் பார்க்கணும்" என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட்டால், அதில் எவரும் கோபித்துக்கொள்வதில்லை. நல்ல மெக்கானிக் தானாகவே அந்தக் காந்தத்தைத் துடைத்து உங்கள் கையில் கொடுப்பார்.

கிளட்சைத் தின்பது டிராஃபிக் இல்லை, பாதம்

மூலக்கடை மேம்பாலத்திலோ பெரம்பூர் மேம்பாலத்திலோ ஏற்றத்தில் வண்டிகள் நின்றால் கவனியுங்கள். பாதிப் பேர் ஹேண்ட் பிரேக் போட மாட்டார்கள். அரைக் கிளட்சில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தி, வண்டியை அப்படியே தொங்கவிட்டிருப்பார்கள். அந்த நேரம் முழுக்கச் எஞ்சினோடு சுற்றுகிற ஃபிளைவீல் என்னும் கனமான சக்கரத்தில் பிளேட் உரசிக்கொண்டே இருக்கிறது. சில நொடியிலேயே தீய்ந்த வாடை வரும்; கருகிய காகிதமும் ரப்பரும் சேர்ந்த மாதிரி மூக்கில் ஏறும். அந்த வாடை ஒரு தடவை வந்தால் பிளேட் கொஞ்சம் பளபளப்பாகிவிட்டது என்று அர்த்தம். அடிக்கடி வந்தால் ஃபிளைவீலும் வெப்பத்தில் நீலம் பாய்ந்து, கிளம்பும்போது வண்டி உதற ஆரம்பிக்கும். அப்போது பிளேட்டை மட்டும் மாற்றினால் உதறல் போகாது. ஃபிளைவீலை லேத்தில் கொடுத்து முகம் பிடிக்கவோ புதிதாகப் போடவோ வேண்டிவரும்.

செய்ய வேண்டியது சுலபம். ஏற்றத்தில் நின்றால் ஹேண்ட் பிரேக், நியூட்ரல். கிளம்பும்போது முதல் கியர் போட்டு, கிளட்ச் பிடிக்கிற இடம் வந்து வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும்போது ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாலம் காலியாக இருக்கும்போது பத்துத் தடவை செய்தால் கைவந்துவிடும்.

இரண்டாவது கெட்ட பழக்கம், கியர் மாற்றிய பிறகும் இடது காலைக் கிளட்ச் மேலேயே வைத்திருப்பது. செருப்பின் எடையே போதும், கிளட்சைப் பிரிக்கும் ரிலீஸ் பேரிங், கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டைத் தொட்டுக்கொண்டு சுற்றும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் முதல் கியரில் கிளட்சை முழுக்க மிதித்தபடி காத்திருப்பதும் அதே பேரிங்கைத்தான் தேய்க்கிறது. கேட் மூடினால் நியூட்ரல் போட்டுக் காலை எடுங்கள்; கூட்ஸ் வண்டி என்றால் எஞ்சினையே அணைத்துவிடலாம்.

கிளட்ச் பெடல் கேபிளில் இயங்காமல் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் வகை என்றால் அதில் இருப்பது பிரேக் ஆயில்தான். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். கடலோரத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் சிலிண்டரின் உள்சுவர் அரித்து, பெடல் தொளதொளவென்று ஆகும். கிளட்ச் முழுக்கப் பிரியாமல் கியர் கரகரக்கும். பாக்ஸ் போய்விட்டது என்று பயந்துபோய் வருகிற வண்டிகளில் சிலதுக்கு இதுதான் காரணம். ஆகவே பாக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன் கேபிள் அட்ஜஸ்ட்மென்டையோ பிரேக் ஆயிலையோ பார்க்கச் சொல்லுங்கள்.

கிளட்சை வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். சமதளத்தில், முன்னால் ஆள் இல்லாமல், ஹேண்ட் பிரேக்கை முழுக்கப் போட்டு, கால் பிரேக்கையும் அழுத்திக்கொண்டு, மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் திணறி உடனே அணைந்தால் பிளேட் நன்றாக இருக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது. ஒரு தடவைக்கு மேல் செய்ய வேண்டாம், இந்தச் சோதனையே பிளேட்டைச் சூடாக்கும்.

பிளேட் போடுவதென்றால் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாகப் போடுங்கள். பேரிங்கில் காசு மிச்சம் பிடித்து, ஆறு மாதம் கழித்து அது கத்தினால் மறுபடி பாக்ஸை இறக்கக் கூலி கொடுக்க வேண்டும். பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே எஞ்சினின் பின்பக்க ஆயில் சீலையும் பார்த்துவிடுங்கள்.

சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பது

நியூட்ரலில் காலை எடுத்தால் உறுமல், கிளட்சை மிதித்தால் நின்றுவிடுகிறது: எஞ்சின் விசை பாக்ஸுக்குள் நுழையும் தண்டான இன்புட் ஷாஃப்டின் பேரிங். தலைகீழாக, மிதித்தால் சத்தம், விட்டால் அமைதி: ரிலீஸ் பேரிங். ஒரே ஒரு கியரில் மட்டும் ஊளை என்றால் அந்த கியரின் பல். ஓடும்போது கியர் தானாக நியூட்ரலுக்குக் குதித்தால் முதலில் பாக்ஸ் மவுண்டிங் ரப்பரைப் பாருங்கள், பிறகு உள்ளே போகலாம். வளைவில் திரும்பும்போது மட்டும் டக் டக் என்றால் பாக்ஸே இல்லை, ஆக்சில் ஜாயின்ட். அதன் ரப்பர் உறை கிழிந்து மணல் போயிருக்கும்.

ரிவர்ஸில் மட்டும் கரகரத்தால் பயப்பட வேண்டாம். பல வண்டிகளில் ரிவர்ஸுக்குச் சின்க்ரோ கிடையாது. வண்டி முழுக்க நின்றபின் கிளட்சை மிதித்து மூன்று நொடி பொறுத்துப் போடுங்கள்.

ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கு

டார்க் கன்வர்ட்டரையும் சிவிடியையும் கொல்வது சூடு. ஆயில் 80, 90 டிகிரியில் நெடுநாள் வரும். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. பாக்ஸ் ஆயிலைப் பல வண்டிகளில் ரேடியேட்டர்தான் குளிர்விக்கிறது. மணலி, எண்ணூர் தூசியும் உப்பும் ரேடியேட்டர் தகடுகளில் அப்பிக்கொண்டால் எஞ்சினோடு பாக்ஸும் வேகும். வருடத்துக்கு இரண்டு முறை, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெல்லிய அழுத்தத்தில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லுங்கள். ரேடியேட்டருக்குள் போர் தண்ணீர் ஊற்றவே கூடாது. உப்பு உள்ளிருந்து அரிக்கும். அரித்து உள்ளே ஓட்டையானால் கூலன்ட்டும் பாக்ஸ் ஆயிலும் கலந்து ரோஸ் மில்க் நிறத்தில் வரும். அந்த நிறம் கண்டால் வண்டியை ஓட்டாதீர்கள்.

ஏடிஎஃப் எனப்படும் ஆட்டோமேட்டிக் பாக்ஸ் ஆயில் புதிதாக இருக்கும்போது பெரும்பாலும் சிவப்பு, கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். பழுப்பாகி, தீய்ந்த வாடை வந்தால் ஏற்கெனவே தாமதம். "லைஃப் டைம் ஆயில், மாற்ற வேண்டாம்" என்று சொல்லப்படும் பாக்ஸ்களுக்கும் இது பொருந்தும். உலகத்தின் பெரிய கியர் பாக்ஸ் தயாரிப்பாளர்களில் ஒன்றான இசட்எஃப் நிறுவனமே தன் ஆட்டோமேட்டிக் பாக்ஸ்களுக்கு 80,000 முதல் 1,20,000 கி.மீ. அல்லது 8 வருடத்துக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. அது ஐரோப்பியச் சாலைக்கான எண். இங்கே டார்க் கன்வர்ட்டருக்கு 60,000, சிவிடிக்கு 40,000 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிரெயின் பிளக்கைத் திறந்தால் எல்லா ஆயிலும் வராது; பாதி கன்வர்ட்டருக்குள்ளும், ஆயிலை வேண்டிய வழியில் திருப்பிவிடும் வால்வு பாடியிலும் தங்கிவிடும். மொத்தம் 8 லிட்டர் பிடிக்கும் பாக்ஸில் ஒரு தடவைக்கு 4 லிட்டர் வருகிறது என்றால், முதல் மாற்றத்தில் 50 சதவீதம் புது ஆயில், சில நூறு கி.மீ. ஓட்டி மறுபடி மாற்றினால் 75, மூன்றாவது தடவையில் 87. லட்சம் கி.மீ. வரை ஆயிலே மாற்றாத வண்டியில் அழுத்தத்தோடு கழுவும் மெஷின் வேண்டாம். கிளம்பும் கசடு வால்வு பாடியின் மெல்லிய வழிகளை அடைக்கும். இப்படி இரண்டு மூன்று தவணையாக இறக்கி ஊற்றுவதே பத்திரம். அளவு பார்ப்பதும் மேனுவல் மாதிரி அல்ல: பல புது பாக்ஸ்களில் டிப் ஸ்டிக்கே கிடையாது, எஞ்சின் ஓட, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் ஆயில் வெப்பம் பார்த்துத்தான் நிறைக்க வேண்டும். ஸ்கேனர் இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

சிவிடிக்கு அதற்கான ஆயில் மட்டும்தான். சாதாரண ஏடிஎஃப் ஊற்றினால் ஸ்டீல் பெல்ட் புல்லியில் வழுக்கிக் கோடு விழும். அதன் பிறகு ஆயில் மாற்றிப் பயனில்லை.

ஓட்டும் விதத்தில் நான்கு விஷயம். வண்டி முழுக்க நின்ற பிறகே ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றுங்கள். நீண்ட சிக்னலில், ரயில்வே கேட்டில் நியூட்ரலும் ஹேண்ட் பிரேக்கும் போடுங்கள். சரிவில் நிறுத்தும்போது பிரேக்கை மிதித்தபடியே நியூட்ரல் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, கால் பிரேக்கை விட்டு வண்டியின் எடை ஹேண்ட் பிரேக்கில் உட்கார்ந்த பிறகு, மறுபடி பிரேக்கை மிதித்துப் பார்க்கில் போடுங்கள். இல்லையென்றால் மொத்த எடையும் பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சின்னக் கொக்கியில் தொங்கும். ஏஎம்டி, காய்ந்த கிளட்ச் டிசிடி வைத்திருப்பவர்கள் கண்டெய்னர் லாரிக்குப் பின்னால் அங்குலம் அங்குலமாக ஊர வேண்டாம். இரண்டு வண்டி இடைவெளி விட்டு நின்று, இடம் கிடைத்ததும் ஒரேயடியாகப் போய் நில்லுங்கள். ஊரும்போதுதான் அந்தக் கிளட்ச் பாதி பிடித்து உரசும். ஆட்டோ குறுக்கே புகும்தான். புகட்டும், கிளட்ச் விலை அதிகம்.

ஏஎம்டியில் பிளேட் மாற்றினால் கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் கம்ப்யூட்டருக்கு ஸ்கேனர் மூலம் மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் ஓட்டினால் புது பிளேட்டும் தேயும். ஹைட்ராலிக் ஆக்சுவேட்டர் வகை என்றால் அதன் ஆயில் கிண்ணத்தில் அளவு குறைகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

மழை, வெள்ளம்

வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். கியர் பாக்ஸின் மேல் ஒரு சின்ன மூச்சுக்குழாய் இருக்கிறது. சூடான பாக்ஸ் திடீரென்று தண்ணீரில் குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்கி, அந்தக் குழாயும் சீலும் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நாள் கணக்கில் தண்ணீரில் நின்ற வண்டிகளுக்கு உறிஞ்சவே தேவையில்லை, தானாகவே இறங்கியிருக்கும்.

சக்கரத்தின் நடுப்பகுதிக்கு மேல் தண்ணீர் ஏறியிருந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். மேனுவல் பாக்ஸ் ஆயில் பால் ஊற்றிய டீ மாதிரி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. இறக்கிவிட்டுப் புது ஆயில் ஊற்றி 50 கி.மீ. ஓட்டி, அதையும் இறக்கி மறுபடி ஊற்றுங்கள். மேனுவல் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் அப்படிப் பொறுக்காது. உள்ளே இருக்கும் உராய்வுத் தகடுகளில் லைனிங்கைப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். தண்ணீர் பட்டால் பசை விட்டு லைனிங் உரியும். ஆகவே தண்ணீர் வடிந்த அன்றே ஆயிலைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

இழுத்துப் போகும் விதமும் முக்கியம். எஞ்சின் ஓடாதபோது ஆட்டோமேட்டிக் பாக்ஸின் ஆயில் பம்ப் சுற்றாது. முன் சக்கரம் தரையில் உருள, கயிறு கட்டி மணலியிலிருந்து மாதவரம் வரை இழுத்தால், உள்ளே ஆயிலே போகாமல் பாகங்கள் காய்ந்து உரசும். முழு வண்டியையும் மேலே ஏற்றும் பிளாட் பெட் ரெக்கவரி வண்டியைக் கேட்டுக் கூப்பிடுங்கள். "டோ வண்டி" என்று மட்டும் சொன்னால் கொக்கி வண்டி வந்து நிற்கும்.

பழைய பாக்ஸ் வாங்குவது

உள்ளே பல் உடைந்துபோனால், பிரித்துச் சரிசெய்வதைவிடப் புதுப்பேட்டையில் கழற்றிய பாக்ஸ் வாங்கிப் போடுவது மலிவாக இருக்கலாம். மாடல் பேரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் பல் விகிதம் வேறு. பாக்ஸ் மேல் பொறித்த கோடு எண்ணை உங்களுடையதோடு ஒப்பிடுங்கள். இன்புட் ஷாஃப்டைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், மிக லேசான ஆட்டம் சாதாரணம், லொடலொடத்தால் வேண்டாம். கியர் ஒவ்வொன்றாகப் போட்டு ஷாஃப்டைச் சுற்றுங்கள். எங்கும் சிக்கக் கூடாது.

கடைக்காரர் சம்மதத்தோடு டிரெயின் பிளக்கைத் திறந்து விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். துருவின் செம்மண் நிறமோ, பால் ஊற்றிய டீ நிறமோ விரலில் வந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டியின் பாக்ஸ். எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். நல்லதாகக் கிடைத்தால், மாட்டும் முன் இரண்டு ஆக்சில் சீலையும் புதிதாகப் போட்டு, புது ஆயில் ஊற்றி, 500 கி.மீ. ஓட்டியபின் ஒருமுறை ஆயிலை இறக்கி அந்தக் காந்தத்தை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள்.